சின்னக் கடைக்கு வெப்சைட்டா? முதலில் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில் என் மாமிக்குச் சின்னதாய் ஒரு பலகாரக் கடை. முறுக்கு, பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள், ஒடியல் மா, மோர் மிளகாய், அவ்வளவுதான். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கப் போனபோது, "தம்பி, எல்லாரும் வெப்சைட் வெப்சைட் எண்டினம், எங்களுக்கும் ஒண்டு செய்து தாவன்" என்றார். நான் கணினியோடு வேலை பார்க்கிறவன், இது ஒரு கிழமை வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

முதல் இரண்டு சனி ஞாயிறும் நான் செய்தது முழுக்கப் பிழை. வடிவான டெம்ப்ளேட் ஒன்றைத் தேடி எடுத்து, மஞ்சளா மெரூனா என்று மண்டையை உடைத்து, மேலே பெரிய படங்கள் தானாக நகர்கிற மாதிரிச் செய்து, "பாரம்பரியச் சுவையின் இருப்பிடம்" என்று ஒரு வரியும் எழுதி, போனில் மாமிக்குக் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மேலும் கீழும் இழுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில விலை எங்க கிடக்கு?" விலை இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்றும் இல்லை. போன் நம்பர்கூட அடியில் சாம்பல் நிறத்தில், தொட்டால் அழைப்புப் போகாமல் சும்மா கிடந்தது.

அதை அப்படியே அழித்துவிட்டு, மூலைக் கடையில் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கி, கடைப் போனுக்குப் பக்கத்தில் நூலால் ஒரு பேனையையும் கட்டி வைத்தோம். நீங்களும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும், டொமைன் என்கிற இணைய முகவரி, ஹோஸ்டிங் என்கிற தளம் வைக்கும் வாடகை இடம் எல்லாம் பிறகு. இரண்டு கிழமைக்குப் போனிலும் வட்ஸ்அப்பிலும் நேரிலும் ஆட்கள் என்ன கேட்கிறார்களோ அதை அவர்களுடைய வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள், "விலை விசாரணை" என்று சுருக்கி எழுதாதீர்கள். மாமியின் கொப்பியில் விழுந்தவை இப்படி: "இண்டைக்குத் திறந்திருக்கோ?" "சவோய் தியேட்டரடியில இறங்கி எந்தப் பக்கம் வாறது?" "வாகனம் விட இடம் இருக்கோ?" "அரியதரம் கிலோ என்ன விலை?" "லண்டனுக்குக் கொண்டு போகப் போறன், எத்தனை நாள் பழுதாகாமல் இருக்கும்?" "கலியாண வீட்டுக்கு முந்நூறு முறுக்கு வேணும், எத்தனை நாளுக்கு முதல் சொல்ல வேணும்?" "கொட்டாஞ்சேனைக்கு அனுப்புவீங்களோ?"

இரண்டாவது கிழமையில் புதுக் கேள்வி ஒன்றும் வரவில்லை. அதே பத்துப் பன்னிரண்டுதான், ஆள் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டுக்கும் பதில் எழுதினால் உங்கள் வெப்சைட்டில் முக்கால்வாசி முடிந்தது. தொலைநோக்கு, பணிக்கூற்று, தலைவரின் செய்தி எல்லாம் வங்கிகளுக்கும் அமைச்சுகளுக்கும் இருக்கட்டும்.

வெப்சைட்டுக்கு முன்னால் கூகுள் மேப்

கொப்பியில் பாதிக் கேள்வி "எங்கே", "எத்தனை மணிக்கு" என்ற இரண்டுக்குள் அடங்குகிறதா? அப்படியானால் முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொபைல் ஒன்று திறங்கள், காசு கிடையாது. கடைப் பெயரைத் தேடும்போது நேரம், போன், படம், வழி எல்லாம் ஒரு பெட்டியாக வருமே, அதுதான். கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்: வீதியும் பெயர்ப்பலகையும் தெரிய வேண்டும், உள்ளே சாமான்கள் தெரிய வேண்டும், கடை உங்கள் கையில் இருப்பது தெரிகிற மாதிரி பூட்டைத் திறப்பது போல ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டியிருப்பதால் காலையில் சனம் வருவதற்கு முன்னால் எடுங்கள். எங்கள் முதல் வீடியோவில் பாதி நேரம் ஒரு ஓட்டோவின் பின்பக்கம்தான் இருந்தது.

பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே கொடுங்கள், "கொழும்பின் நம்பர் வன் பலகாரம்" என்று வால் சேர்த்தால் பிறகு சிக்கல் வரும். மேப்பில் புள்ளியைக் கடை வாசலுக்கே இழுத்து வையுங்கள், லேனுக்குள் இருக்கிற கடை என்றால் அது தானாகக் காலி வீதியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிக்மீ வாடகை வாகன ஓட்டுநர் அங்கே நின்றுகொண்டு போன் எடுப்பார். தீபாவளி, பொங்கல், ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாட்கள், இவற்றுக்கெல்லாம் விசேட நேரம் போட அதிலேயே இடம் உண்டு. அதை ஒழுங்காகச் செய்தாலே "இண்டைக்குத் திறந்திருக்கோ" அழைப்புகள் குறையும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றால், சில கடைகள் நிறுத்தலாம். சலூன் வைத்திருக்கிறீர்கள், வருவதெல்லாம் பக்கத்து நாலு லேன் ஆட்கள்தான் என்றால் வெப்சைட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல மின்விசிறி வாங்கிப் போடுங்கள். மாமிக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. டொரொன்டோவில் இருக்கிற மகள் கொழும்பில் இருக்கிற அம்மாவுக்குப் பலகாரம் ஓடர் பண்ணுகிறாள், ஜூலை ஓகஸ்டில் கலியாணத்துக்கு வருகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே விலை கேட்கிறார்கள், மாமி ஒவ்வொருவருக்கும் அதே விலைப்பட்டியலை இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்தார். சமூக வலைத்தளப் பக்கம் ஒன்று போதாதா என்றும் கேட்பார்கள். அது நல்ல விளம்பரப் பலகை, ஆனால் வாடகைச் சுவரில் மாட்டிய பலகை. போன மாதம் போட்ட விலை கீழே போய்ப் புதைந்துவிடும், கணக்கு ஏதோ காரணத்துக்காக முடங்கினால் போய்க் கதவைத் தட்ட ஒரு அலுவலகமும் இருக்காது.

பெயரும் சாவியும்

டொமைன் பெயர் தெரிவு செய்யும்போது எங்கள் ஆட்களுக்கு வருகிற பிரச்சினை, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவது. "தாழம்பூ" என்று கடைப் பெயர் இருந்தால் முதல் எழுத்துக்கு எச் உண்டா இல்லையா, ழகரத்துக்கு இசெட்டா எல்லா, கடைசியில் ஊவுக்கு இரண்டு ஓவா ஒரு யூவா என்று ஒரு பெயரை எட்டு விதமாக எழுதலாம். பெயரை முடிவு செய்வதற்கு முன்னால் போனில் யாருக்காவது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர் "ரீயோ, ரீ எச்சோ?" என்று திருப்பிக் கேட்டால் வேறு பெயர் பாருங்கள், அல்லது இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி இரண்டையும் ஒரே இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். நடுவில் கோடு போட்ட பெயர் வேண்டாம், சொல்லி மாளாது.

டொட் கொம்மா டொட் எல்கேயா என்பதற்கு என் பதில்: கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விற்கிற கடை என்றால் டொட் எல்கே. இலங்கைக் கடை என்று பார்த்தவுடன் தெரியும், நீங்கள் நினைத்த பெயர் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். 1990இலிருந்து இருக்கிற முகவரி வால் அது, எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. 2010இலிருந்து தமிழிலேயே "டொட் இலங்கை" என்றும் பெயர் வாங்கலாம். பெயர்ப்பலகையில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்கள் போனில் தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி அதைத் தட்டுவார்கள் என்று நம்பி அதை மட்டும் வாங்காதீர்கள். டொட் கொம் என்றால் வருடத்துக்கு 10 முதல் 20 டொலருக்குள் முடியும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்.

இப்போது சாவி. கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கிற என் நண்பன் ஒருவனுக்குத் தெரிந்த பெடியன் ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்தார். நல்ல பெடியன், நல்ல வேலை, காசும் நியாயம். டொமைனைத் தன்னுடைய கணக்கில், தன்னுடைய ஈமெயிலில், தன்னுடைய அட்டையில் வாங்கினார், "அண்ணை, நீங்கள் ஏன் அலைய வேணும், நான் பார்க்கிறன்" என்று. இரண்டு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டார், அட்டை காலாவதி, பழைய ஈமெயிலை அவர் பார்ப்பதில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஈமெயிலுக்குள்ளேயே கிடந்து செத்தன. ஒரு டொட் கொம் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது, விற்றவரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க இடம் இருக்கலாம், அதற்குப் பிறகு 30 நாள் பெரிய தண்டப் பணம் கட்டி மீட்கலாம், அதுவும் போனால் யாரும் வாங்கலாம். நண்பன் கவனித்தபோது அந்த முகவரியில் யாரோ விளம்பரப் பக்கம் ஒன்று போட்டிருந்தார்கள். பில் புத்தகம், விசிட்டிங் கார்ட், லொறிக் கதவு எல்லாவற்றிலும் பழைய முகவரி. அச்சகம் என்றபடியால் கார்ட்டையாவது தானே அடித்துக்கொண்டான்.

யாரிடமும் கொடுத்துச் செய்விக்கலாம், தப்பில்லை, ஆனால் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வெப்சைட்டின் தலைமைக் கணக்கு, கூகுள் ப்ரொபைலின் உரிமையாளர் கணக்கு இந்த நாலும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இதற்கென்றே கடைப் பெயரில் ஒரு புது ஈமெயில் திறங்கள். அதற்கு ஓடீபி வருகிற நம்பர் கடையின் சொந்த சிம்மாக இருக்கட்டும், பில் போடுகிற பெடியனின் போனுக்கு விட்டால் அவன் வேலையை விட்டுப் போன அன்று நீங்கள் வெளியே நிற்பீர்கள். செய்து தருகிறவருக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதி, வியாபாரப் பதிவுப் பத்திரம் இருக்கிற அதே அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

எதில் கட்டுவது

இதில்தான் எல்லோரும் நேரத்தைக் கொட்டுவார்கள், உண்மையில் இதுதான் லேசான முடிவு. நாலு பக்கம், பத்துப் பொருள், கூடையில் போட்டுக் காசு கட்டும் வசதி வேண்டாம் என்றால் கூகுள் சைட்ஸ் போதும், சும்மாவே கிடைக்கிறது, உங்கள் டொமைனையும் அதில் மாட்டலாம். கொஞ்சம் வளரும் என்று தோன்றினால் வேர்ட்பிரஸ். 2003இல் வந்த இலவச மென்பொருள், உலகத்து வெப்சைட்டுகளில் பத்தில் நாலு அதில்தான் ஓடுகிறது, ஒருவர் கைவிட்டுப் போனாலும் அது தெரிந்த இன்னொருவரைக் கொழும்பில் எந்த மூலையிலும் பிடிக்கலாம். விற்பனையே முழுக்க இணையத்தில் என்றால் ஷொப்பிஃபை மாதிரி ஆயத்த இணையக் கடை ஒன்றை மாத வாடகைக்கு எடுப்பது தலைவலி குறைவு, ஆனால் அது டொலரில்.

டொலர் என்றதும் 2022 ஞாபகம் வர வேண்டும். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. டொலரில் ஹோஸ்டிங் வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதே சேவைக்கு பில் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. சின்னக் கடை என்றால் ரூபாவில் பில் போடுகிற உள்ளூர் ஹோஸ்டிங்கையும் விசாரித்துப் பாருங்கள். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வர வைக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு யாராவது தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது, நல்ல ஹோஸ்டிங்கில் அது சேர்ந்தே வரும். அது இல்லாத தளத்தை குரோம் 2018 ஜூலையிலிருந்து "பாதுகாப்பற்றது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

கொப்பியைப் பார்த்து எழுதுவது

முதல் பக்கத்தில், விரலால் இழுக்காமலே தெரிய வேண்டியவை: என்ன விற்கிறீர்கள், எங்கே, எப்போது திறந்திருக்கும், எப்படித் தொடர்புகொள்வது. போன் நம்பரைத் தொட்டால் அழைப்புப் போக வேண்டும். வட்ஸ்அப் பொத்தான் வைக்கும்போது நம்பரின் முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்க்க வேண்டும், முன்னால் கூட்டல் குறியும் வேண்டாம். இந்தப் பூச்சியத்தால் வேலை செய்யாத வட்ஸ்அப் பொத்தான்கள் ஊர் முழுக்க இருக்கின்றன.

நான் முதலில் எழுதியது: "தரமான மூலப்பொருட்களைக் கொண்டு பாரம்பரிய முறைப்படி தயாரிக்கப்படும் எமது தயாரிப்புகள் அனைவரது உள்ளத்தையும் கவரும்." கொப்பியைப் பார்த்துத் திருப்பி எழுதியது: "பயத்தம் பணியாரம். பயறு வறுத்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. முட்டை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் சுடுகிறோம். கலியாணம், பிறந்தநாளுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் மூன்று நாளைக்கு முன் சொல்லுங்கள்." கீழே கிலோ விலை, அரைக்கிலோ விலை, விலை கடைசியாக மாற்றிய திகதி. விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரன் பார்ப்பான் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அவன் ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருப்பான். "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு இன்பொக்ஸுக்கு வராமலே போகிற வாடிக்கையாளரைத்தான் நீங்கள் பார்ப்பதில்லை.

மாமிக்குத் தட்டெழுத வராது. போனில் கூகுளின் விசைப்பலகையான ஜீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, மைக்கை அழுத்தி, "மாமி, போனில ஒராள் கேக்கிறமாதிரி நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ" என்றேன். பேசியதை அது எழுதித் தந்தது, நான் எழுத்துப் பிழையும் பேச்சு முடிவுகளும் மட்டும் திருத்தினேன். தளத்தில் இருக்கிற நல்ல வரிகளில் பாதி அப்படி வந்தவைதான்.

தமிழில் எழுதும்போது இலங்கையில் அடிக்கடி வருகிற ஒரு வியாதி உண்டு, பாமினி. உங்கள் பழைய விலைப்பட்டியல், நோட்டீஸ், அச்சகத்தில் அடித்த மெனு எல்லாம் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிய வேலை: "அம்மா" என்று திரையில் தெரிகிறதே, உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். அதை அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் பார்க்கிறவர்களுக்கு அந்த எம் கே செமிகோலன்தான் தெரியும், கூகுளும் அதை அம்மா என்று வாசிக்காது. எல்லாப் போனும் கணினியும் தமிழாகவே வாசிக்கிற யுனிகோடுக்கு மாற்றித் தருகிற இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் வாசியுங்கள், இடையில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகியிருக்கும். நோட்டீஸைப் படமாக எடுத்து அப்படியே போட்டுவிடுவோம் என்ற குறுக்கு வழியும் வேண்டாம், படத்துக்குள் இருக்கிற விலையைப் போனில் வாசிக்கவே கண் போய்விடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் மாதிரி ஒன்று போதும். ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளியைவிடத் தமிழுக்குக் கொஞ்சம் கூட்டி விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரி உகரக் காலும் கீழ் வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

எத்தனை மொழி? கொழும்பில் மூன்றும் வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. நாங்கள் தமிழும் ஆங்கிலமும் முழுதாகவும், சிங்களத்தில் விலைப்பக்கமும் ஓடர் செய்யும் முறையும் மட்டும் போட்டோம். சிங்களத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்து, பக்கத்து ஃபார்மசி அக்காவிடம் காட்டினோம், அவர் வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலேயே விளங்கிவிட்டது. அவரே உட்கார்ந்து திருத்தித் தந்தார், கூலி அரைக்கிலோ முறுக்கு. ஆங்கிலப் பக்கத்தில் வெள்ளவத்தையைக் கடைசியில் ஈ போட்டும் ஏ போட்டும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் எங்காவது ஒரு இடத்தில் வரட்டும். முகவரியில் கொழும்பு 06, தபால் எண் 00600 என்று முழுதாகப் போடுங்கள், அதோடு "டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைச் சந்தியிலிருந்து எத்தனையாவது லேன்" என்பது மாதிரி நடந்து வருகிறவருக்கு விளங்குகிற ஒரு வரியும் வேண்டும்.

படம்

கமரா வேண்டாம், போன் போதும். பல்ப் வெளிச்சத்தில் முறுக்கு கருகின மாதிரித் தெரியும், அதனால் பின்னேரம் நாலு மணி வாக்கில் கடை வாசலில், நேர் வெயில் படாத இடத்தில், எவர்சில்வர் தட்டம் வேண்டாம், வாழையிலையோ வெள்ளைத் தாளோ போட்டு எடுங்கள். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் பருமன் விளங்கும். இணையத்தில் கிடைக்கிற வேறொருவர் பலகாரப் படத்தை எடுத்துப் போடாதீர்கள், வந்து பார்க்கிறவர் மாமியின் முறுக்கையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

போனில் எடுக்கிற படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும், அப்படிப் பத்துப் படம் போட்டால் டேட்டாவில் பார்க்கிறவர் பாதியில் மூடிவிடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஒவ்வொன்றையும் 150 கேபியை ஒட்டி வரும்படி சுருக்குங்கள். சோதிக்கும்போது உங்கள் புதுப் போனில், வீட்டு வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வீட்டில் இருக்கிற மிகப் பழைய அன்ட்ரோயிட் போனை எடுத்து, வைஃபையை நிறுத்திவிட்டு, காலி வீதி பஸ்ஸில் இருந்தபடி திறந்து பாருங்கள்.

காசு வாங்குவது

தொடக்கத்திலேயே அட்டைக் கொடுப்பனவு வேண்டும் என்று நிற்காதீர்கள். முதல் ஆறு மாதம் மாமி வாங்கியது வங்கி மாற்றலும், கடையில் போனால் ஸ்கேன் பண்ணிக் கட்டுகிற லங்கா கியூஆரும், வீட்டுக்கு அனுப்பினால் கையில் காசும்தான். ஓடர் வட்ஸ்அப்பில் வரும், மாமி தொகையும் கணக்கு இலக்கமும் அனுப்புவார், காசு வந்ததும் பொதி போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: காசு கட்டியதாக அனுப்பப்படுகிற ஸ்கிரீன்ஷொட்டை நம்பிச் சாமானை விடாதீர்கள், வங்கி அப்பில் காசு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு ஓடர் கூடி, வெளிநாட்டு அட்டைகள் வேண்டும் என்ற நிலை வந்தால் பேஹியர், வெப்எக்ஸ்பே மாதிரியான உள்ளூர் பேமென்ட் கேட்வே (இணையத்தில் அட்டைக் காசை வாங்கி உங்கள் கணக்கில் போடுகிற சேவை), அல்லது உங்கள் வங்கியின் சொந்தக் கேட்வே. வெளிநாட்டு வழிகாட்டிகளில் எல்லாம் ஸ்ட்ரைப் என்று எழுதியிருக்கும், அது இலங்கைக் கடைகளுக்குக் கணக்குத் தருவதில்லை, அதில் ஒரு நாளை வீணாக்காதீர்கள். கேட்வேக்காரர் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், தளத்தில் நிபந்தனைகள், பணம் திருப்பித் தரும் முறை, தனியுரிமைப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதம் கழிவு போகும், சிலவற்றில் மாதக் கட்டணமும் உண்டு, அதைக் கணக்குப் பார்த்து விலை வையுங்கள். பதிவு இல்லாமல் வீட்டிலிருந்து செய்கிறவர்கள் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வருவது நல்லது, தனி ஆளாக நடத்துகிற கடைக்குக் கம்பனி தேவையில்லை.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பரை வாங்கி வைக்கிறீர்கள் என்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும் தெரிந்திருக்கட்டும். சின்னக் கடை அளவில் அது சொல்வது மரியாதைதான்: எதற்கு வாங்கினீர்களோ அதற்கு மட்டும் வைத்திருங்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். தீபாவளிக்கு ஒரு தடவை ஓடர் பண்ணியவரைச் சம்மதம் கேட்காமல் வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டால் அவர் அடுத்த தீபாவளிக்கு வரமாட்டார்.

தளம் மேலே போன பிறகு

வேர்ட்பிரஸ் என்றால் அப்டேட்டுகளைத் தானாக நடக்கும்படி விடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை பிரதி ஒன்று வேறு இடத்தில் சேமிக்கும்படி செய்யுங்கள், இரண்டு கட்ட உள்நுழைவைப் போடுங்கள், பிளக்இன் என்கிற கூடுதல் வசதி மென்பொருள்களில் தேவையில்லாதவற்றை அழியுங்கள். இவ்வளவும் ஒரு மணித்தியால வேலை. முகவரியை பில்லிலும் பையிலும் அச்சடித்து, கடை வாசலில் ஒரு கியூஆரும் ஒட்டுங்கள். கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தைச் சேர்த்தால் ஆட்கள் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று தெரியும். எங்களுக்கு வந்த முதல் ஆச்சரியம், முறுக்கைவிட ஒடியல் மாவைத்தான் நிறையப் பேர் தேடி வந்தார்கள். மாமி அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வரச் சொன்னார்.

கொப்பி இன்னும் போனடியில் கிடக்கிறது. புதுக் கேள்வி ஏதாவது மூன்று தடவை வந்தால் மாமி அதற்குக் கீழே கோடு போட்டு வைப்பார், மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போய் அதற்குப் பதிலைத் தளத்தில் ஏற்றிவிட்டு, மாறிய விலைகளையும் மாற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். போன் குறைந்ததா என்றால், "வெப்சைட்டில போட்டிருக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டு, பிறகும் பத்து நிமிடம் கதைத்து அரியதரத்தின் விலையைச் சொல்கிற மாமியிடம் அதை அளக்க முடியவில்லை. டொமைன் புதுப்பிக்க வேண்டிய திகதிக்கு ஒரு மாதம் முன்னால், கடைச் சுவரில் தொங்குகிற கலண்டரில், சிவப்புப் பேனையால் "வெப்சைட் காசு" என்று அவரே எழுதி வட்டம் போட்டிருக்கிறார். அடுத்த வருடக் கலண்டர் வந்ததும் முதலில் அந்த வட்டத்தைத்தான் மாற்றி எழுதுவாராம்.